மாற்றுத்திறனாளிச் சாக்கு

மூன்று வயதில் என் இடது கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து நொண்டி என்று கூப்பிட்டவர்களை எண்ணி மாளாது. அதையெல்லாம் தாங்கிவிட்டேன். இப்போது மரியாதை கொடுக்கிறார்களே, இதைத்தான் தாங்க முடியவில்லை.

குடிநீர் அலுவலகத்தில் என் மேசை மூன்றாவது மாடியில். லிஃப்ட் படுத்து ஏழு மாதமாகிறது. கீழ்த்தளத்தில் ஒரு மேசை சும்மா கிடக்கிறதே, அதைத் தாருங்கள் என்று கணினியில் மனு போட்டேன். மேலாளர் அதன் கீழே குறிப்பு எழுதினார்: "நொண்டிச் சாக்கு. ஏற்பதற்கில்லை." எல்லாரும் பேச்சுவாக்கில் சொல்வதுதான். ஆனால் என் மனுவில், என் காலைத் தினமும் பார்க்கிற மனிதர் அதை எழுதுவதென்றால் எவ்வளவு கொழுப்பு! புகார்க் குழுவுக்கு எழுதினேன்.

விசாரணையை நான்காவது மாடியில் வைத்தார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போய்ச் சேர்ந்தேன். குழுத் தலைவி என் மனுவைத் திரையில் திறந்தார்.

"அந்த வார்த்தை இங்க எங்கயும் இல்லையேம்மா."

எட்டிப் பார்த்தேன். "மாற்றுத்திறனாளிச் சாக்கு. ஏற்பதற்கில்லை" என்று இருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணினிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "போன வாரம் புது வசதி போட்டோம் மேடம். மனசு நோகுற பழைய வார்த்தை எல்லாம் ஒரே தட்டுல மாறிடுச்சு, இருபது வருஷ ஃபைல்லயும்."

"இப்படி ஒரு சாக்கு உலகத்துல இருக்கா? பழசை எடுத்துக் காட்டுங்க" என்றேன் அவரிடம்.

"பழசை வெச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவு, அக்கா."

அட பாவி, என் சாட்சியை அல்லவா துடைத்துவிட்டாய்!

எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நான் எப்பவுமே மரியாதையாத்தான் மேடம் எழுதுவேன்" என்றார். அசிங்கம் செய்தவர் கை கழுவுகிறார், நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்.

"காலம் மாறிடுச்சும்மா" என்றார் தலைவி. "உங்களுக்காகத்தானே இவ்வளவும் பண்ணியிருக்காங்க. சந்தோஷப்படுங்க."

"லிஃப்ட் மாறலையே மேடம்."

"அது வேற பிரிவு."

அச்சடித்த முடிவை என் பக்கம் நகர்த்தினார். இழிசொல் எதுவும் காணப்படவில்லை, புகார் முடிக்கப்படுகிறது என்று இருந்தது. கீழே என் கையெழுத்து வேண்டுமாம். பேனாவை வாங்கி, கையெழுத்துக் கோட்டின் மேல் 'நொண்டி' என்று தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

தலைவி பதறிப்போனார். "என்னம்மா இது! ஆபீஸ் காகிதத்துல இவ்வளவு அசிங்கமா எழுதுறீங்க?"

"எழுதினது அவரு மேடம்" என்றேன். "நான் நகல்தான் எடுத்திருக்கேன்."