ஐந்தில் மூன்று

நவம்பர் 28, வியாழன். இன்று ஒரு பிழை விட்டேன். பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்று, நடுத்தரம்தான் என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

சுவிஸின் துன் நகரில் மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் ரயிலில் ரிஷானி இதை எழுதினாள். மலை வானிலை வகுப்புக்கு நாட்குறிப்பு எழுதுவதுதான் வீட்டுவேலை. 'நடுத்தரம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடிட்டாள். பிறகு அந்தக் கோடும் சரிதானா என்று யோசித்தாள்.

அண்ணன் சாயிசன் ஹோட்டல் சமையல்காரன். நாளை லீவு. வேலைத்தள நண்பர்களோடு பனிச்சப்பாத்துக் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறான். காலையில் அவன் கேட்டபோது பனிச்சரிவு அறிவிப்பில் இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள். அவர்கள் வீட்டில் எதையும் பரீட்சைப் புள்ளியாகத்தான் எடைபோடுவார்கள். பாதிக்கு மேல் என்றால் பாஸ். அவனும் "அப்ப பாஸ்" என்றான். இவளும் சிரித்து ஓம் என்றாள்.

மாலையில் ஆசிரியை பலகையில் வரைந்து காட்டினார். மூன்றாம் நிலை நடுத்தரம் அல்ல, கணிசமான அபாயம்; கூடுதலானோர் சாவதும் அதில்தான். மலையின் நிழல் பக்கத்தில் ஒக்டோபரில் விழுந்த பனி சீனி போல உதிர்ந்து கிடக்கிறது. அதன்மேல் காற்று புதுப்பனியை அள்ளிக் கொட்டியிருக்கிறது. ஒரு ஆள் மிதித்தாலே போதும், எல்லாம் சரிந்துவிடும்.

வகுப்பு முடிந்ததும் அண்ணாவுக்கு எடுத்தாள்; அவன் போனுக்கு வரவில்லை. 'போகாதே' என்று எழுதினாள், அழித்தாள். அம்மாவை அழைத்தாள். கணுக்காலளவு பனிக்கு என்ன சரிவு என்று அம்மா சிரித்தாள்.

ரயில் அவள் இறங்கும் ஓஸ்டர்முண்டிகனை நெருங்கியபோது அவனே எடுத்தான்.

"என்ன பிள்ளை, காலமை பாஸ், பின்னேரம் பெயிலோ?"

"ஓம். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். மூண்டிலதான் கூடச் சாகினம். நாலெண்டால் ஒருத்தரும் வெளிக்கிடாயினம், அண்ணா."

ஹோட்டல் அடுப்படிச் சத்தத்துக்கு மேலால் அவன் குரலை உயர்த்தினான்.

"எங்களோட வேலை செய்யிற உர்ஸ் வாறான். அவனுக்கு அந்த மலை நல்லாத் தெரியும்."

"பனிக்கு உர்ஸைத் தெரியுமோ?"

அவன் சிரிக்கவில்லை. "சரி. அப்ப எங்கால போறதெண்டு நீயே பாத்துச் சொல்லு. நீ சொல்லாமல் வெளிக்கிட மாட்டம்."

அவன் இணங்கியது ஆறுதலாக இல்லை. காலையில் ஓர் இலக்கம்தான் அவள் பொறுப்பில் இருந்தது. இப்போது வழி முழுவதும். இறங்குமுன் குறிப்பின் அடியில் எழுதினாள்:

நாளை: காலை அறிவிப்பைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் காட்டுப் பாதையில் போகலாமா, அதற்கு மேலே சரியக்கூடிய செங்குத்தான இடம் உண்டா என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். அண்ணா பஸ் ஏறுமுன் சொல்ல வேண்டும்.