அடுத்தவர் நேர்த்திக்கடன்

சோப்புப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் புஷ்பலதா குளியலறையில் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, குனிந்தபடி ஒன்று என்று பேங்காக் கிளினிக்கிலிருந்து அவள் வயிற்றின் புதுப் படங்கள் கேட்டிருந்தார்கள். குனிந்தபடி எடுப்பதுதான் கொடுமை. இரண்டு பிள்ளைகளையும் வயிற்றைக் கிழித்துப் பெற்றவள் அவள். பிள்ளைகள் வளர்ந்து மீசையும் முளைத்தாயிற்று, வயிறு மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. தையலுக்குக் கீழே மடிந்து தொங்கியது. வெயில் நாளில் மடிப்புக்குள் அரித்துப் புண்ணானது. ஈப்போ சூப்பர் மார்க்கெட்டில் அவள் கல்லாவில் நிற்கும்போது, சாமான் வாங்க வரும் சீனப் பாட்டிகள் பிரியமாகக் கையைத் தொட்டு எத்தனை மாதம் என்று கேட்பார்கள். முதலில் சங்கடப்பட்டு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஆறு மாதம் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அதுதான் பேச்சைச் சீக்கிரம் முடிக்கிற பதில்.

குனிந்த நேரத்தில் வாசல் கேட்டில் பூட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"புஷ்பா, இருக்கியா? சாமி காரியமா வந்தேன்லா."

எதிர்வீட்டு நவமணி அக்கா. புஷ்பலதா போனைக் கவிழ்த்து வைத்தாள். அவசரமாக நைட்டியை மாட்டிக்கொண்டாள்.

எல்லாம் அவள் வாயால் வந்த வினைதான். பல வருடம் கூட்டுச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, கணவன் ரூபனிடம் மட்டும் சொல்லி, கிளினிக்கில் தேதி வாங்கும்வரை யாருக்கும் மூச்சுக் காட்டவில்லை. ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்த அன்றுதான் மாட்டிக்கொண்டாள். அவர்கள் இருந்தது பழைய ரப்பர் பால்மரத் தோட்டத்தை விற்றுக் கட்டிய தாமான், புது வீட்டுக் குடியிருப்பு. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்துக் கதவாக இருந்தவர்கள் இங்கே எதிரெதிர் கேட்டாக ஆகியிருந்தார்களே தவிர, ஒருவர் வீட்டுப் பெட்டி இன்னொருவர் கண்ணுக்குத் தப்பாது. எங்கே போற என்று நவமணி கேட்டாள். இந்தியாவுக்கு, கோயில் சுற்ற என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பத்து நாள் படுக்கையும், திரும்பி வந்து கூன் போட்டு நடப்பதும் வேறு எந்தப் பொய்யில் அடங்கும்? மலை ஏறினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம். அந்த நிமிடத்தில் தன் புத்திசாலித்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

கோயிலுக்குப் போகிறவள் தனக்காக மட்டும் போவதில்லை என்பதை அவள் மறந்திருந்தாள். மறுநாளே பக்கத்து வீட்டுக் காளியம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து கொண்டுவந்தாள், பழனி உண்டியலில் போடச் சொல்லி. அடுத்து ஒருத்தி பேரப்பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை கேட்டாள். பிறகு தெரியாத வீடுகளிலிருந்தெல்லாம் முடிச்சுகள் வந்தன. விரதம் இருப்பாள் என்று மீன் குழம்பு கொடுத்து அனுப்புவதை நிறுத்தினார்கள். முடிச்சுகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சாமி மேடையில் வைக்கப் பயமாக இருந்தது. பெட்டியில் வைத்தால், அங்கே அறுவைக்குப் பிறகு வயிற்றில் கட்டும் இறுக்குப் பெல்ட்டும், முன்னால் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டைகளும் இருந்தன. ஒரு நாள் அலமாரியில், ஒரு நாள் அரிசி டப்பா மேல் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுத்துப் பழகச் சொல்லியிருந்தார்கள் கிளினிக்கில். அப்படிப் படுத்தால் முடிச்சுகள் இருக்கும் அலமாரி நேரே கண்ணில் பட்டது.

கேட்டைத் திறந்ததும் நவமணி உள்ளே வந்து, ஹாலில் நின்றபடியே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளித் தகடு. அதில் ஒரு பாதம், ஐந்து விரல்களோடு.

"அண்ணனுக்காக. நீ வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போவீல்ல? அங்க போட்டுருமா. கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சு வாங்குனது."

நவமணியின் கணவர் சின்னையாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. தோட்டத்தில் பால் வெட்டியவர், தோட்டம் போன பிறகு காவல் வேலை பார்த்தவர். காலில் எப்போதோ செருப்புக் கடித்த புண் ஆறாமல் விரல் வரை கறுத்துவிட்டது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"நாளைக்கு பெரிய ஆஸ்பத்திரில வந்து சேரச் சொன்னாங்க. ரெண்டு வெரல பொத்தோங் பண்ணி எடுத்துறணுமாம். விட்டா முழங்கால் வரைக்கும் வெட்டுற மாதிரி ஆயிரும்ங்கறாங்க. இவரு போமாட்டேன்னுட்டாரு."

"ஏங்க்கா?"

"நீ போறியேலா. நீ போயி இத போட்டுட்டு, துன்னூறு கொண்டாந்து பூசுன பெறவுதான் எதுவா இருந்தாலும்ங்கறாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு."

புஷ்பலதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நவமணி குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். குனிந்து எழ மூச்சு வாங்கியது. கோயிலுக்குப் போகிறவள் காலில் விழ வயது பார்ப்பதில்லை. புஷ்பலதாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நைட்டிக்குள் அந்த வயிறு அப்போதுதான் படமெடுத்து முடித்த சூட்டோடு இருந்தது. நவமணி போன பிறகும் தகடு அவள் கையிலேயே இருந்தது, வியர்வையில் வழுக்கியது.

ரூபன் வேலை விட்டு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் காலுறையைக் கழற்றியபடி யோசித்தான். கெட்டவன் இல்லை. கிளினிக் விஷயத்தில்கூட, ஒனக்கு ஆசையா இருந்தா போய்ட்டு வாலா, எனக்கு நீ இப்பயே சரிதான் என்று சொன்னவன்.

"கூட்டாளி ஒருத்தன் அடுத்த மாசம் இந்தியா போறான். எல்லாத்தையும் அவன்கிட்ட குடுத்து விடுவோம். சாமிக்கு போயி சேந்தா சரிதானே?"

"சாமிக்கு போயிச் சேந்துரும். அண்ணன் காலு?"

 ரூபன் காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் திணித்தான்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கோயில் துன்னூறு ஈப்போவிலேயே கிடைக்கும். தான் வயிறு இறுகி, நிமிர்ந்து கல்லாவில் நிற்பதையும், எதிர்வீட்டில் ஒற்றைச் செருப்பு கிடப்பதையும் சேர்த்து நினைத்ததும் வெள்ளித் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். விளக்கேற்றும் நேரத்துக்குத் தெருவைக் கடந்து போனாள்.

சின்னையா ஹாலில் நாற்காலியில் சாய்ந்து, கட்டுப்போட்ட இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். ஊதுபத்தி ஏற்றியிருந்தும் கட்டின் வாடை தெரிந்தது. அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே. எந்திரிக்காதீங்க." அவள் நின்றுகொண்டே சொன்னாள். "நான் கோயிலுக்குப் போகல. பேங்காக் போறேன். வயித்து தோல வெட்டித் தைக்க. அழகுக்குத்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்."

நவமணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய பிறகு முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"நான் ஒன் கால்ல விழுந்தேனே புஷ்பா," என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. புஷ்பலதா வெள்ளித் தகட்டை நீட்டினாள், சின்னையா வாங்கவில்லை. ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு போயிருங்கண்ணே. என்னைய நம்பி இருக்காதீங்க. நானே காடிய ஓட்டிக்கிட்டு வாரேன்."

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

காலையில் அவர்கள் வருவார்களா என்று தெரியாமலேயே புஷ்பலதா காரைத் திருப்பி எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினாள். ஹாரன் அடிக்கத் தைரியம் வரவில்லை. காளியம்மா தன் வாசலைக் கூட்டுவதுபோல் ஒரே இடத்தையே கூட்டிக்கொண்டு காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மற்றவர்களுக்கும் இனிமேல்தான் சொல்ல வேண்டும், ஒவ்வொரு கேட்டாகப் போய். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. நவமணி ஒரு பையோடும் பிளாஸ்கோடும் வந்து பின்சீட்டில் ஏறினாள்.  கண்ணாடியில் பார்த்தபோது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தாள்.

சின்னையா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே எடுத்து வைத்தார். இடது காலை எடுக்காமல் வெளியே தார் ரோட்டில் ஊன்றி வைத்திருந்தார். புஷ்பலதா எஞ்சினை முடுக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஒனக்கு எங்க வெட்டுவாங்க?" என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

அவள் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அவர் திரும்பி அந்த விரலையே பார்த்தார். அவளுக்கு வெட்கமாக இல்லை.

"அம்புட்டு நீளமா?"

"ஆமாண்ணே."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

"போவியா?"

"தெரியலண்ணே."

பின்சீட்டில் நவமணி மூக்கை உறிஞ்சினாள். சின்னையா கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு தன் காலைக் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கட்டின் நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மூன்று பேரும் இன்னும் தார் ரோட்டில் ஊன்றியிருந்த அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.