படத்தில் தெரியாதது

ஜொனதன் பதினேழு வருடமாக ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுப்பவன். கொக்குவில் ரயில் கடவையில் மனைவி ஹன்னா ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்து தலையில் அடிபட்ட அன்று, அவளுக்குப் படம் எடுத்ததும் அவன்தான். எலும்பு முறியவில்லை, இரத்தம் கசியவில்லை. டொக்டரும் அப்படித்தான் எழுதினார். மாலையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான்.

ஹன்னா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் பிரதி அதிபர். முப்பத்தெட்டு வகுப்புகளின் நேரசூசியும் அவள் தலைக்குள் இருக்கும். எந்தப் பாடவேளையில் எந்த ஆசிரியர் எங்கே நிற்பார் என்று கடதாசி பார்க்காமல் சொல்லுவாள். விழுந்த மூன்றாம் கிழமை ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்குப் போட்டுவிட்டாள். பிறகு அது அடிக்கடி நடந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் வராமல் நின்றாள். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டாள். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்று ஜொனதனிடம் பல தடவை சொன்னாள்.

"படத்தை நான் வடிவாப் பாத்தனான். உமக்கு ஒண்டும் இல்லை. மனசைத் திடமா வைச்சிரும்" என்றான் அவன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய பள்ளிக்கூட அதிபர் அவனைத் தனியே கூப்பிட்டு, ஹன்னாவுக்கு உண்மையில் ஏதும் வருத்தமா, உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டார். ஸ்கானில் எல்லாம் சரி, கொஞ்சம் பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான் என்றான். அதை அவர் அப்படியே நம்பினார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், வருத்தமில்லாத ஆள் இப்படிப் பிழை விட்டால் அது கவனக்குறைவுதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அந்தக் கிழமையே ஹன்னா பதவி விலகல் கடிதம் கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து, புத்தூரில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவரின் படத்தைப் பார்க்க நரம்பியல் டொக்டர் வந்தார். படம் சுத்தம். அப்படியென்றால் அப்பா ஏன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று விழுந்தவரின் மகள் அழுதாள். இந்த ஸ்கான் இரத்தத்தையும் முறிவையும்தான் காட்டும், மூளை களைத்துப்போய் வேலை செய்ய முடியாமல் தவிப்பதைக் காட்டாது, ஓய்வும் சிகிச்சையும் கிடைத்தால் அநேகமானவர்கள் தேறிவிடுவார்கள் என்று டொக்டர் அவளுக்கு விளங்கப்படுத்தினார். திரைக்கு முன்னால் இருந்த ஜொனதனுக்கும் அது கேட்டது. வீட்டில் ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதை விட்டுவிட்டுத் திரையை நம்பியது அவனுக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். அதிபரிடம் தான் என்ன சொன்னான் என்பதையும் மறைக்கவில்லை.

"அவர் கேட்டவுடனை, அவளையே கேளுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள் ஹன்னா.

மறுநாள் அவன் அதிபரிடம் போய் உண்மையைச் சொன்னான். அவரும் வருந்தினார். ஆனால் ஹன்னாவின் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார்.

அந்த நரம்பியல் டொக்டரிடம் ஹன்னாவைக் கூட்டிப்போனபோது, அவள் சொல்ல மறப்பதைத் தான் எடுத்துக்கொடுக்கலாம் என்று பக்கத்துக் கதிரையில் அமர்ந்தான். டொக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கேட்பேன் என்றார். ஹன்னா தலையாட்டிவிட்டு, மெதுவாக, "இவர் வெளியிலை இருக்கட்டும், டொக்டர்" என்றாள்.

ஜொனதன் எழும்பி வந்து விறாந்தையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் அந்த ஐந்தில் எத்தனை சொல்லைத் திருப்பிச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கேட்கவும் துணிவு வரவில்லை.