வெள்ளிக்கிழமைக் கம்போ

சாப்பாட்டுக் கடை திறக்க வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது ஆல்சிட்தான். தவக்கால வெள்ளி என்றால் பாயூ என்ற அந்தச் சதுப்பு ஓடைக் கரையில் ஒரு கத்தோலிக்க வீட்டிலும் கறி வேகாது; ஊரே மீனுக்கும் இறாலுக்கும் அலையும். "அன்னிக்குத் திறந்தா ஒரு நாற்காலி காலியா இருக்காது, பாரு" என்று மருமகள் ட்வைலாவிடம் சொல்லியிருந்தார். சொன்னபடியே ஆயிற்று. தூண்டில் இரை விற்ற பழைய கடையை மூன்று தடவை வெள்ளையடித்து ஆறு மேசை போட்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் இருபத்திரண்டு பேர் முழங்கை இடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

ட்வைலா வடக்கே அர்க்கன்சாஸ் பெண், பாப்டிஸ்ட் சபை. ஆல்சிட்டின் மகனைக் கட்டிக்கொண்டு, போன ஆகஸ்டில்தான் இந்த ஊருக்கு வந்தாள். அவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்காரன். இரண்டு வாரம் வீட்டில், இரண்டு வாரம் கடலில். இன்று கடலில். ஊருக்கு அவள் இன்னும் "அந்த வடக்கத்திப் பொண்ணு"தான்.

"மீனை எவ வேணா பொரிச்சுடுவா மாமா. கம்போ சரியில்லேன்னா இந்த ஊர் ரெண்டாந்தடவை வராது" என்று ஒரு வாரமாகவே அவளுக்குத் தூக்கமில்லை.

ஆல்சிட் அந்தக் கம்போக் குழம்பில் முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோனார். மாவைக் கருஞ்சிவப்பாக வறுத்த அந்த வாசனை; நண்டு, இறால், வெண்டைக்காய். அவற்றுக்கு நடுவே காசு மாதிரி வட்டமாக ஒரு பன்றி சாசேஜ் துண்டு.

கரண்டி அப்படியே நின்றது. நேற்று வியாழக்கிழமை இதே கம்போவை இரண்டு கிண்ணம் வழித்துச் சாப்பிட்டவர் அவர். "ஒண்ணும் சேக்காதே, ஒண்ணும் எடுக்காதே. நாளைக்கும் இதே மாதிரி வையி" என்று உத்தரவு போட்டதும் அவரே. அவள் சபையில் இல்லாத வெள்ளிக்கிழமை நோன்பு அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் நாக்கை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஃபாதர் லான்ட்ரி ஒரு துண்டை உப்பு பிஸ்கட்டால் மூடிக்கொண்டிருந்தார். தேவாலயப் பாடகர் குழுவின் யூலாலி நாலு துண்டையும் உருளைக்கிழங்கு சாலடுக்கு அடியில் புதைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள். இப்படி எல்லா மேசையும் துண்டை ஒளித்துக்கொண்டிருந்தது. அதுதான் ஆல்சிட்டுக்குப் பயம். இந்த ஊர் முகத்துக்கு நேரே திட்டாது. பிரமாதம் என்று சொல்லும், கன்னத்தில் முத்தம் கொடுக்கும், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

ட்வைலா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "எப்படி இருக்கு எல்லாம்?"

"அருமை, கண்ணு!" என்றது மொத்தக் கூட்டமும், கொஞ்சம் வேகமாகவே.

ஆல்சிட் எழுந்தார். "அருமைதான். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உள்ளே பன்னி கிடக்கு. இந்தப் பொண்ணு மேல தப்பில்லே. நேத்து ருசி பாத்து இப்படியே வையின்னது நான். அறுபத்தெட்டு வருஷமா கத்தோலிக்கன். என் புத்தி சாசேஜுக்குள்ளே போயிடுச்சு."

ட்வைலாவின் முகம் வெளிறியது. "நோன்பா? மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை..." விறுவிறுவென்று உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று ஆல்சிட் நினைத்தார். அவளோ ஒரு காலிச் சட்டியோடு திரும்பினாள். சாலடுக்கடியில் துண்டு எட்டிப்பார்த்த யூலாலியின் மேசைக்கு நேரே போய் அதை நீட்டினாள்.

"ஒளிச்சு வெச்சதையெல்லாம் இதிலே போடுங்க அத்தை. உங்களுக்கு மீன் பொரிச்சுத் தரேன்."

யூலாலி சாலடைக் கிளறி நாலு துண்டையும் எடுத்துப் போட்டாள். ட்வைலா கிண்ணத்தையும் இழுக்க, அதை மட்டும் யூலாலி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதை ஏன்டி இழுக்கறே? ஃபாதர், சாறு எந்தக் கணக்கு?"

"சாறு கடலோடது" என்றார் ஃபாதர், கரண்டியை வைக்காமலே. "அப்படித்தான் நான் நம்பிக்கிட்டிருக்கேன். ரொம்ப விசாரிக்காதே."

கடை குலுங்கச் சிரித்தது. சட்டி மேசை மேசையாகப் போய் நிறைந்தது. ட்வைலா அதைக் குப்பைக்கு எடுத்துப் போக, யூலாலி அவள் ஏப்ரனைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கே கொண்டுபோறே? என்னோடது நாலு. ஐஸ்பெட்டியிலே வை. நாளைக்குச் சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு வரேன். இதே நாற்காலி எனக்கு."

"எனக்கு மூணு" என்றது ஜன்னலோர மேசை.

"எனக்கு அஞ்சு!"

"பொய். உனக்கு ரெண்டுதான், நான் பாத்தேன்."

ட்வைலா கண்ணை மணிக்கட்டால் துடைத்துக்கொண்டு, யாருக்கு எத்தனை என்று எழுதப் பென்சிலைத் தேடினாள்.