அறுபது வீட்டுக்கு ஒரு கையெழுத்து

குண்டசாலை விடுதி வாசலில் நின்ற கிழவரை ஜப்பான்காரர் என்றுதான் ஆட்டோக்கார வீரய்யா நினைத்தான். "டெம்பிள், சேர்?" என்றான்.

"தலதா மாளிகைக்குப் போகணும்பா, புத்தர் பல்லக் கும்பிடணும். மெதுவா ஓட்டு, இடுப்பு வலி."

வீரய்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெயர் நம்கியாலாம். திபெத்தில் ஒரு பள்ளத்தாக்குக்குப் பரம்பரை ராஜாவாம். அந்த ராஜா வேலூர் நடைபாதையில் முப்பது வருஷம் ஸ்வெட்டர் விற்றிருக்கிறார்; தமிழ் அங்கே ஒட்டிக்கொண்டது. தென்னக்கும்புர பாலம் தாண்டுவதற்குள் மனிதர் முழுக் கதையையும் கொட்டிவிட்டார். ஒன்பது வயதில் பட்டம். அப்போதிருந்த அரசாங்கம் பட்டு அங்கி கொடுத்துத் தளபதி என்றது. நாட்டைப் பிடித்து அடுத்து வந்த அரசாங்கம் நெஞ்சில் பதக்கம் குத்தித் துணைத் தலைவர் என்றது. பிறகு அதுவே அவரை மேடையில் முட்டி போட வைத்து, சொந்தக் குடிகளையே அவர் முகத்தில் காறித் துப்பச் சொன்னது. இருபது வயதில் அறுபது வீட்டு ஜனத்தோடு மலை தாண்டி இந்தியாவுக்கு ஓடிவந்தார். இப்போது கர்நாடகத்தில் ஒரு குடியிருப்பில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

நன்றாகத்தான் கதை விடுகிறார் என்று வீரய்யா நினைத்தான். ஆனால் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மாளிகையில் கும்பிட்டுவிட்டு வந்தவர், எதிரே இருந்த குளக்கட்டில் உட்கார்ந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"ஊருக்குத் திரும்பி வாங்க, பழைய வீட்டத் தர்றோம்னு அங்க இருக்கிற அரசாங்கம் எழுதியிருக்கு. நானும் என் ஜனங்களும் உங்களுக்குக் கட்டுப்பட்டவங்கன்னு ஒரு கையெழுத்து போட்டா போதுமாம்."

"போடப் போறீங்களாய்யா?"

"எண்பத்தாறு வயசாச்சு. இந்த மாளிகையில இருந்த உங்க ஊர் கடைசி ராஜாவ வெள்ளைக்காரன் நாடு கடத்திட்டான்; அவர் வேலூர்லதான் செத்தாரு. அவர் சமாதிப் பக்கந்தான் நான் கடை போட்டிருந்தேன். அந்த மாதிரி அந்நிய ஊர்ல கிடக்க எனக்கு மனசில்லப்பா." பேனாவைத் திறந்தார். "மத்தியானம் போன் பண்றேன்னு சொல்லியிருக்கேன். எல்லாரும் குடியிருப்பு மண்டபத்துல காத்திருக்காங்க. நான் சொன்னாத் தலையாட்டுவாங்க. எங்க வழக்கம் அது."

வீரய்யா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை.

"எங்கப்பாவும் இப்பிடித்தான் ஒரு கைநாட்டு வச்சாருங்க. தேயிலைத் தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு அனுப்பின காலம். கல்யாணம் கட்டின அக்கா குடும்பத்துக்கும் சேத்து அவரே எழுதிக் குடுத்தாரு. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அக்காவுக்குத்தான் மொதல்ல கப்பல் வந்துச்சு. எங்க முறை வாறதுக்குள்ள சண்டை வந்து கப்பல் நின்னு போச்சு. நாங்க இங்க, அது கோத்தகிரியில."

"அப்புறம் அப்பாகிட்டப் பேசினாளா?"

"அவரு செத்ததுக்குக் கூட ஒரு போன் எடுத்துப் பேசலய்யா."

கிழவர் பேனாவை மூடவுமில்லை, எழுதவுமில்லை. பிறகு போனை எடுத்து, தன் மொழியில் இரண்டே வரி பேசினார். மறுமுனையில் திடீரென்று ஒரு பெண் குரல் படபடவென்று பொரிந்து தள்ளியது. கிழவரின் தலை தாழ்ந்துகொண்டே போனது.

வீரய்யா பயந்துபோனான். "என்னங்கய்யா சொல்றாங்க?"

"போடட்டுமான்னு கேட்டேன். எங்கள ஒரு வார்த்தை கேக்குறதுக்கு, பட்டம் கட்டினதுல இருந்து உனக்கு எழுபத்தேழு வருஷம் ஆச்சான்னு திட்டுறா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க பேரச் சேக்காத, ஆசையா இருந்தா நீ மட்டும் போ, அழுதுகிட்டே வழியனுப்புறோம்னு சொல்றா."

"போறீங்களா?"

"அவங்க இல்லாத ஊர்ல எனக்கென்னப்பா வேலை?"

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து ஒரு பழைய ஸ்வெட்டர் கவரை எடுத்தார். அதற்குள் ஒரு பிடி மண் இருந்தது. வேலூரில், பாலாற்றங்கரையில் இருக்கும் அந்தக் கடைசி ராஜாவின் சமாதியிலிருந்து அள்ளி வந்ததாம். வீரய்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குளக்கரை மரத்தடியில் அதைக் கொட்டினார்.

"அவராவது வந்து சேரட்டும்" என்றார்.