எர்மிண்டா வீட்டுத் தெரேரே

செருப்பு வாரை மாட்டக் குனிந்த என் கிழவன் காசிமிரோ அப்படியே வாசலில் சரிந்துவிட்டான். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒன்று அடித்துவிட்டு, அடுத்ததை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கண் விழித்தவன், "ஒண்ணுமில்ல நெலிடா, வெயிலு" என்றான்.

வெயிலாம்! இதயம் தாறுமாறாக ஓடுகிறதென்று டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை என் கையால் கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவள் நான். இந்த மாத்திரைக்கு வெயில் பட்டால் தோல் கறுக்கும் என்றார்கள், தொப்பி வாங்கினேன். இருமல் வந்தால் சொல்லுங்கள் என்றார்கள், அவன் செருமினால்கூடக் காது கொடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் விழுகிறான் என்றால், என் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ எதையோ விழுங்குகிறான். எங்கே என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எர்மிண்டா இருக்கிறாள். புருஷன் போனதிலிருந்து அவள் கோழிக்கூட்டில் தினம் ஒரு ஆணி கழன்றுவிடுகிறது. அடிக்க என் கிழவன்தான் வேண்டும்.

"அவ உனக்குக் கஷாயம் ஏதாவது குடுக்கிறாளா?"

"பைத்தியமாடி உனக்கு? தெரேரே குடிக்கிறோம். ஊரே குடிக்குது."

ஒபெரா டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இதய வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். "மாத்திரை அதிகமாப் போட்டுக்கிறாரா? இல்ல, பம்பளிமாஸ் பழம் சாப்பிடறாரா? அது ஆகவே ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"எங்க வீட்ல மரமே இல்லீங்க."

"பழத்தக் கண்ணால பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றான் கிழவன். பொய் சொன்னால் காதைச் சொறிவான். சொறியவில்லை.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். "தெரேரேக்கு எதை ஊத்துவீங்க?"

"எர்மிண்டா வீட்லயா? பம்பளிமாஸ் சாறுதான். ஐஸ் போட்டு" என்றான்.

எங்கள் பக்கம் இதை யாரும் சாறு என்று நினைப்பதில்லை. குவளையில் தேயிலை மாதிரி மாத்தே இலை, மேலே சில்லென்று எதை ஊற்றினாலும் அது தெரேரேதான்.

"அந்தச் சாறு ரத்தத்துல மாத்திரையோட அளவை ஏத்திட்டே போகும். இப்படியே குடிச்சா ஒரு நாள் நெஞ்சு நின்னுடும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, சாறை நிறுத்துங்க."

கிழவன் உடனே தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் அவன் எதற்கும் சம்மதித்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் சுத்தியலை எடுத்தான். "சாறு வேணாம், வெறும் தண்ணி ஊத்தித்தான் தெரேரே குடிப்பேன்" என்றான். நான் கேட்கவே இல்லை. பின்னாலேயே போய் வேலியருகில் நின்றேன்.

மாமரத்தடியில் இரண்டே நாற்காலிகள். ஜாடியில் மஞ்சள் சாறு. எர்மிண்டா குவளையை நிரப்பி நீட்டினாள். எங்கள் வழக்கப்படி தெரேரே குடிக்க உட்கார்ந்தவன் நன்றி என்று சொல்லிவிட்டால் போதும், அதன்பின் அவனுக்குக் குவளை வராது. சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. உறிஞ்சுகுழல் உதட்டருகே போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேலியைத் தாண்டிப் போய்க் குவளையைப் பிடுங்கி, நின்றபடியே குடித்து முடித்தேன். "ஊத்து எர்மிண்டா. இனிமே இவன் முறை என்னுது."

"என்னாச்சு நெலிடா?"

"இதைக் குடிச்சா இவன் நெஞ்சு நின்னுடும்னு டாக்டரம்மா சொல்லிட்டா. இவன் உங்கிட்ட சொல்லலியா?"

அவள் ஜாடியைக் கீழே வைத்தாள். "சத்தியமா சொல்லல." அவனைப் பார்த்தாள்.

அவன் கோழிக்கூட்டைப் பார்த்தான். ஓர் ஆணிகூடக் கழன்றிருக்கவில்லை.

பக்கத்தில் கிடந்த காலிக் கூடையைக் கவிழ்த்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வெற்றுக் குவளையை அவளிடம் நீட்டினேன்.