திரை வரவில்லை

மூன்றேகால் மணிக்கு அக்கா மூன்றாம் முறையாகப் பொத்தானை அழுத்தினாள். புதுக் கணினிப் பெட்டிக்குள் விசிறிகள் விர்ரென்று சுற்றின. திரை மட்டும் கறுத்தே கிடந்தது.

"எல்லாம் சுத்துது, ஒண்ணும் நகரல. எங்க டிப்போ மாதிரியே இருக்குடா," என்றாள். பஸ் ஓட்டுகிறவள் அவள்.

சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த தம்பியால் சிரிக்க முடியவில்லை. நரம்பு நோய் இரண்டே வருடத்தில் அவன் கை, கால், நாக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. மிஞ்சியவை கண்கள். கண் நிற்கும் எழுத்தைப் பிடித்து, சொல்லாக்கி, உரக்கப் படிக்கும் கருவி ஒன்று இருந்தது. அது ஓடிய பழைய கணினி முந்தாநாள் புகைந்து செத்தது. நல்லவேளை, அந்தக் கருவியின் மென்பொருள் இருந்த டிஸ்க் பிழைத்தது. பழையது தடுமாறத் தொடங்கியதுமே, புதியதற்கான பாகங்களை அவனே போன மாதம் பார்த்துப் பார்த்து வரவழைத்திருந்தான். அவற்றை அந்த டிஸ்க்கோடு சேர்த்து, அவன் கண் காட்டியபடி அக்காதான் காலையிலிருந்து பூட்டியிருந்தாள். பதினைந்து வருடம் ஊரார் கணினிகளைப் பழுது பார்த்தவன். இன்று தன்னுடையதைத் தொட வழியில்லை.

நாலு மணிக்கு டாக்டர் திரையில் வருவார். தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைப்பதா வேண்டாமா என்று இன்று முடிவாக வேண்டும். வைத்துவிடச் சொல்லி அண்ணன் போனிலேயே சம்மதம் தெரிவித்துவிட்டார். "அவரையே கேக்கணும்," என்று டாக்டர்தான் பிடிவாதமாக இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார். ஆமாம் இல்லைக்கு இமை போதும். ஆனால் தம்பி மனதில் அதற்கு மேலும் ஏதோ இருந்தது. எழுத்து அட்டையில் அவன் கண் காட்டும் எழுத்தைக் கூட்டி ஒரு வாக்கியம் பிடிப்பதற்குள்ளேயே கால் மணி போய்விடும்.

"திரை வயரா?"

இரண்டு சிமிட்டல். இல்லை.

"கரண்ட் வயரா?"

இல்லை. அவன் பார்வை பெட்டிக்குள் மதர்போர்டின் ஓரத்தில் நின்றது. அங்கே கடுகளவு ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மெமரி பட்டைகள்.

"மெமரியா?"

ஒரு சிமிட்டல்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு பட்டையின் முனை மயிரிழை தூக்கியிருந்தது. "உடைஞ்சிட்டா என் தலையில விழும், சொல்லிட்டேன்," என்று பல்லைக் கடித்து அழுத்தினாள். 'டக்'. உயிர் வந்தது அவளுக்கு. பொத்தானைத் தட்டினாள்.

விசிறி சுற்றியது. ஆரஞ்சு விளக்கும் எரிந்தது. திரை கறுப்பு. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், அணைத்தாள். மறுபடி போட்டாள், மறுபடி அணைத்தாள். மணி மூன்று முப்பத்தைந்து.

"கழட்டி மாத்திப் போடவா?" இல்லை. "ஒண்ணை மட்டும் வெச்சுப் பாக்கவா?" இல்லை. "அப்ப என்னதான்டா பண்ணச் சொல்ற?"

அவள் மீண்டும் பொத்தானைத் தட்டியதும் தம்பி கண்களை மூடிக்கொண்டான். திறக்கவில்லை.

அவள் பாய்ந்து அவன் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது, எப்போதும் போல மேலோட்டமாக. "கோவமா? வெறுத்துட்டியா?" கண் திறந்தது. இரண்டு சிமிட்டல். அணைக்கப் போன அவள் விரலையே முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

அவள் கை பாதியில் நின்றது.

"சும்மா இருக்கச் சொல்றியா?"

ஒரே சிமிட்டல். பெரிய சிமிட்டல்.

பிரேக்கை மிதித்தே பழகிய காலுக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். கையிரண்டையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். புது மெமரி முதல் தடவை தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள நேரம் எடுக்கும், நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து என்பது அவளுக்கு எங்கே தெரியும்? மூன்று நாற்பது. நாற்பத்து மூன்று. விளக்கு அப்படியே எரிந்தது. "தப்பா புரிஞ்சுக்கிட்டேனோ" என்று நூறு தடவை தோன்றிவிட்டது. நாற்பத்தேழுக்கு விளக்கு அணைந்தது. அதுவும் செத்துவிட்டது என்று அவள் எழுந்தபோது, திரையில் வெளிச்சம் பரவியது.

"அடப்பாவி!" என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் வந்ததும் அவன் கண் எழுத்து எழுத்தாக ஓடியது. கணினியின் தட்டைக் குரல் படித்தது: "குழாய் வைத்தால் அக்கா வேலையை விட வேண்டுமா?"

அக்கா சுவரைப் பார்த்தாள். ராஜினாமாக் கடிதம் மூன்று நாளாக அவள் பையில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"ஒருத்தரால முடியாது. ரெண்டு பேராவது பழகணும். சளி எடுக்க, குழாய் மாத்த. முறை வெச்சுப் பாத்துக்கிட்டா வேலைய விட வேண்டாம்," என்றார் டாக்டர்.

கண் மறுபடி ஓடியது. "அப்படியானால் சம்மதம். இரவு முறை அண்ணனுக்கு."

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்போதே அண்ணனைப் போனில் கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

"எப்ப வந்து கத்துக்கணும்?" என்றார் அண்ணன்.